விரல் நுனியில் ஒரு பாடம்: சிறப்புத் தேவையுடைய குழந்தைகளின் கைத்திறன்

கிழக்கு மேற்கு ரயில் பாதை 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் துவாஸ் லிங்க் நிலையம் வரை நீட்டிக்கப்பட்டது. அந்தக் கடைசி நிலையத்தில் காலையில் இறங்குவோருள் பெரும்பாலோர் தொழிற்சாலைகளுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் போகிறவர்கள். துவாஸ் குழந்தைகள் வளரும் வட்டாரமன்று. அங்கே தங்கியிருப்போர் பெரிதும் விடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியர்களே. ஆகவே குழந்தைகளின் கைத்திறன் பற்றிய கட்டுரையைத் துவாசிலிருந்து தொடங்குவது வியப்பாகத் தோன்றலாம். எனினும் இந்தத் தீவில் மனிதக் கை எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பதைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஊரின் பெயரே ஒரு கைவேலையிலிருந்து வந்தது என்பர். தென்னோலைகளை நீர்மேல் பரப்பி, அந்த நிழலுக்கு ஒதுங்கும் மீன்களை வலையால் வாரியெடுக்கும் மலாய் மீனவர் முறைக்கு அப்பெயர் இருந்ததாம். இன்று அங்கே திருகாணி முடுக்குவதும் கம்பி இணைப்பதும் பொட்டலம் கட்டுவதும் நடக்கின்றன.

தொழிற்சாலைக்கும் குழந்தையின் கைக்கும் நேரடியான உறவு ஒன்றுண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தொழில் உளவியலாளராக இருந்த ஜோசப் டிஃபின் 1940களில் ஒரு பலகையை உருவாக்கினார். இரண்டு வரிசைகளில் சிறு துளைகள். மேலே குண்டூசி போன்ற முளைகளும் வளையங்களும் வைக்கும் கிண்ணங்கள். முப்பது வினாடிகளில் எத்தனை முளைகளைத் துளைகளில் செருக முடிகிறது என்று எண்ணுவார்கள். வலக்கையால் ஒருமுறை, இடக்கையால் ஒருமுறை, இரு கைகளாலும் சேர்ந்து ஒருமுறை. பொருத்துவேலைக்கு ஆள் எடுக்கும் ஆலைகளுக்காகவே அது செய்யப்பட்டது. பின்னர் மருத்துவமனைகளுக்குச் சென்றது. இன்று சிறப்புத் தேவையுடைய குழந்தையின் விரல்களையும் அப்பலகையால் அளக்கிறோம். அளவுகோல் பயனுள்ளதுதான், ஆனால் அது ஆலையில் பிறந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரு குழந்தையின் கை எவ்வளவு விரைவானது என்பது ஒரு கேள்வி. அந்தக் கையால் அக்குழந்தை என்ன செய்ய விரும்புகிறது என்பது வேறொரு கேள்வி. இக்கட்டுரை இரண்டாவது கேள்வியின் பக்கம் சற்று அதிகமாகவே சாய்கிறது.

கை என்னும் கருவி

முதலில் ஒரு சிறு சோதனை. வலது மணிக்கட்டை உள்நோக்கி முழுவதும் மடக்கிக்கொள்ளுங்கள். அப்படியே முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். வலு வராது, விரல்கள் தாமாகவே விரிய முனையும். இப்போது மணிக்கட்டைச் சற்றே பின்புறம் நிமிர்த்திப் பிடியுங்கள். பிடி உடனே இறுகும். விரல்களை அசைக்கும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழேயும் சிறிய தசைகள் உள்ளங்கையிலும் இருக்கின்றன. விரல்களுக்குள் இயக்குதசை கிடையாது. நாண்கள் மட்டுமே ஓடுகின்றன. மணிக்கட்டைக் கடந்து செல்லும் அந்த நாண்கள் மணிக்கட்டு நிற்கும் கோணத்துக்கேற்ப இறுகவோ தளரவோ செய்கின்றன. பென்சில் பிடிக்கச் சிரமப்படும் குழந்தையின் விரல்களை மட்டுமே திருத்திக்கொண்டிருப்பவர் மணிக்கட்டைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

மணிக்கட்டோடும் இது முடிவதில்லை. மணிக்கட்டு நிலையாக நிற்க முழங்கையும் தோளும் நிலையாக இருக்கவேண்டும்; தோள் நிற்க முதுகு நிற்கவேண்டும். கால்கள் தரையைத் தொடாமல் நாற்காலியில் தொங்கினால், விழாமல் இருப்பதிலேயே குழந்தையின் கவனமெல்லாம் செலவாகும். அதனால்தான் அனுபவமுள்ள சிகிச்சையாளர் கைப்பயிற்சிக்கு வந்த குழந்தையின் காலடியில் முதலில் ஒரு மணையை வைப்பார்.

நுண்ணியக்கத் திறன் என்று நாம் சொல்வது இத்தனையும் ஒன்றுசேர்ந்த பிறகு விரல் நுனியில் வெளிப்படுவது. ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றுள் மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகள் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு உருவாகத் தொடங்கவே ஏறத்தாழ எட்டு வயதுக்கு மேலாகிவிடும். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பேனாவைத் திணித்து வரி வரியாக எழுதச் சொல்லும் பெற்றோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

வளர்ச்சிப் படிகளைச் சுருக்கமாகக் காண்போம். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பற்றும். அது அனிச்சைச் செயல். நான்கிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மறையும். பிறகு உள்ளங்கை முழுவதாலும் அள்ளும் பிடி வருகிறது. ஒன்பதாம் மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து தரையிலுள்ள பொரியைக் கிள்ளி எடுக்கத் தெரிகிறது. பொருளைப் பிடிப்பதைவிட விடுவது கடினம். ஒரு வயதை ஒட்டித்தான் வேண்டுமென்றே விடும் பழக்கம் வருகிறது. குழந்தை கரண்டியை மீண்டும் மீண்டும் கீழே போடுவது குறும்பு அன்று, பயிற்சி.

எங்கே தடை ஏற்படுகிறது

ஒவ்வொரு நிலையிலும் கையின் சிக்கல் வேறு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் தசைகள் தளர்வாகவும் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் நெகிழ்வாகவும் இருக்கும். விரல்களும் குட்டையாக இருப்பதுண்டு. அவர்களுக்குப் பிடி நழுவுகிறது. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குப் பசையோ ஈரமாவோ கையில் பட்டாலே தாங்க இயலாது. கை வலுவாக இருந்தும் தொடமாட்டார்கள். அசைவு ஒருங்கிணைப்புக் குறைபாடு என்னும் நிலை பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். வெளியே எந்தக் குறையும் தெரியாது. பொத்தான் போடமாட்டான், காலணிக் கயிறு கட்டமாட்டான், கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். இவர்கள்தாம் வீட்டிலும் வகுப்பிலும் சோம்பேறி என்று அதிகம் ஏச்சு வாங்குகிறவர்கள்.

பெருமூளை வாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இது வளரும் மூளைக்குப் பிறப்புக்கு முன்னரோ பிறப்பின்போதோ பின்னரோ ஏற்படும் பாதிப்பால் வருவது. பாதிப்பு மூளையின் ஒரு பக்கத்தில் இருந்தால் உடலின் மறுபக்கக் கையும் காலும் இறுகும். முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கியிருக்கும். மேலே செய்த சோதனையை நினைத்துப் பாருங்கள். மடங்கிய மணிக்கட்டோடு பிடிக்க முயலும் அவஸ்தை அக்குழந்தைக்கு நாள் முழுவதும் உண்டு.

துவாஸ் விடுதியொன்றில் தங்கியிருக்கும் தமிழக ஊழியர் ஒருவர், வார இறுதியில் அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகும் என் நண்பரிடம் கைப்பேசியில் தம் மகனின் காணொளியைக் காட்டினார். "பாருங்க தம்பி, ஒன்பது மாசந்தான் ஆகுது. எது கொடுத்தாலும் இடது கையிலதான் வாங்குறான். எங்கப்பா மாதிரியே இடக்கைக்காரன்னு வீட்டுல சொல்றாங்க." அவர் பெருமையாகத்தான் காட்டினார். நண்பரின் அக்காள் ஒரு சிகிச்சையாளர். அவர் பார்த்தது இடக்கையை அன்று, மூடியே கிடந்த வலக்கையை.

இந்த ஒரு செய்திக்காகவே இக்கட்டுரையைப் படிக்கலாம் என்பேன். வலக்கைப் பழக்கமோ இடக்கைப் பழக்கமோ ஒரு வயதுக்குள் தெளிவாகத் தெரியக்கூடாது. அந்த வயதில் குழந்தை இரு கைகளையும் மாற்றி மாற்றித்தான் பயன்படுத்தும். ஒரு கையை மட்டும் நீட்டி, மறு கையை எப்போதும் மூடியே வைத்திருந்தால் அது பழக்கம் அன்று. உடனே மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறி. முன்பெல்லாம் பெருமூளை வாதத்தை ஒன்று அல்லது இரண்டு வயதில்தான் உறுதிசெய்வார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே கணிக்க முடியும் என்பதை 2017இல் வெளியான அனைத்துலக வழிகாட்டி எடுத்துக்காட்டியது. மூளை வேகமாக வளரும் மாதங்களில் ஒவ்வொரு மாதமும் மதிப்புடையது.

அந்த ஊழியரின் வீட்டார் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருபக்க வாதம் என்று தெரியவந்தது. ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி தொடங்கியது. மாவட்டந்தோறும் இத்தகைய மையங்களை அமைக்கும் திட்டம் இந்தியாவில் 2013இல் தொடங்கியது. வீட்டில் தாத்தா மட்டும் இன்னும் இடக்கை வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லையாம்.

பயன்படுத்தாத கை

எட்வர்ட் டாப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். பாதிக்கப்பட்ட கை, பாதிப்பினால் மட்டும் செயலிழப்பதில்லை. முயன்று முயன்று தோற்றபின், நல்ல கையே எல்லாவற்றையும் செய்துவிடுவதால், முடிந்த அளவுக்குக்கூட அதைப் பயன்படுத்தாமல் விடும் பழக்கம் வந்துவிடுகிறது. இதிலிருந்து பிறந்ததுதான் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுப் பலவீனமான கையை வேலை வாங்கும் சிகிச்சை. குழந்தைகளுக்கு அதை விளையாட்டாகச் செய்கிறார்கள். கையுறை ஒரு பொம்மையாகிவிடும். சிகிச்சையாளரின் மேற்பார்வையின்றி வீட்டில் தாமாகச் செய்யத் தக்கதன்று. இரு கைகளையும் சேர்த்துப் பயிற்றும் மற்றொரு முறையும் உண்டு. ஒரே அளவு நேரம் செலவிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்று ஆய்வுகள் கூறுகின்றன.

அளவு நேரம் என்றேன். அதுதான் முக்கியம். சட்டை போடுவது போன்ற குறிப்பிட்ட ஒரு செயலைக் கற்க 14 முதல் 25 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சி வேண்டும் என்றும், ஒருபக்க வாதமுள்ள குழந்தையின் பொதுவான கைத்திறன் கூட 30 முதல் 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டும் என்றும் ஆய்வுத் தொகுப்புகள் மதிப்பிடுகின்றன. வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் சிகிச்சையாளரிடம் போய்வந்தால் இந்தக் கணக்கு எப்போது நிறையும்? வீட்டுப் பயிற்சியையும் சேர்த்தால்தான் நிறையும். கையை வெறுமனே நீவிவிடுவதும் இழுத்து நிமிர்த்துவதும் பயிற்சிக் கணக்கில் சேரா. குழந்தை தானே முயலவேண்டும். முயல்வது அதற்கு வேண்டிய செயலாக இருக்கவேண்டும்.

இங்கேதான் நம் வீடுகளின் அன்பு குறுக்கே வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அம்மா ஊட்டுவார், பாட்டி சட்டை மாட்டுவார், பணிப்பெண் காலணி போட்டுவிடுவார். உடற்குறையுள்ள பிள்ளை என்றால் இன்னும் ஒருபடி மேல். தண்ணீர்க் குவளையைக்கூட வாயருகே கொண்டுபோவோம். பள்ளி வாகனம் ஆறேகாலுக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். தானே பொத்தான் போடட்டும் என்று காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? காலையில் நேரமில்லை என்றால் மாலையில் சட்டையைக் கழற்றும்போது காத்திருக்கலாம். கழற்றுவது மாட்டுவதைவிட எளிது. கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளைக்கு விட்டுவைப்பது அதைவிட எளிது. முடித்தது தான்தான் என்ற நிறைவு அதற்குக் கிடைக்கும்.

நம் அடுக்களையும் திண்ணையும்

சிகிச்சை நிலையங்களில் பல வண்ணக் களிமண்ணும் மரமணிகளும் இருக்கும். அவை இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்போருக்கு நம் வழக்கங்களே விடை தருகின்றன.

கையால் உண்பதை எடுத்துக்கொள்வோம். நாலு விரல்களால் சோற்றைக் கூட்டி, பிசைந்து, உருட்டி, விரல் நுனிகளில் ஏந்தி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுகிறோம். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொள்ளும் அசைவுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எது? மதிப்பீட்டுப் படிவங்களில் கரண்டியும் முள்கரண்டியும்தான் பெரும்பாலும் இருக்கும். "எங்கள் பிள்ளை கையால் சாப்பிடும், அதைக் கற்றுக்கொடுக்க உதவுங்கள்" என்று சிகிச்சையாளரிடம் பெற்றோர் தயங்காமல் சொல்லலாம். தொடக்கத்தில் குழைந்த தயிர்ச்சாதம் நல்லது. உதிரியான பிரியாணி பின்னால் வரட்டும். இட்லியைப் பிய்ப்பது இரு விரல் பயிற்சி. தோசையைப் பிய்ப்பதற்கு இன்னும் வலு வேண்டும். விளிம்பு உயர்ந்த தட்டும், அது வழுக்காமல் இருக்க அடியில் ஓர் ஈரத்துணியும் போதும்.

சப்பாத்தி மாவு பிசைவது, முறுக்குக்குப் பிழிவது, பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது எல்லாம் பயிற்சிதான். கோலம் போடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே மாவு ஒரே அளவாக விழவேண்டும். பிடிப்பதையும் விடுவதையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தும் கடினமான செயல் அது. தேக்காவில் சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் மாலை கட்டுவோரின் விரல்களைச் சற்று நின்று பாருங்கள். ஒரு கை பூவைப் பிடிக்க மறு கை நாரைச் சுற்றும். இரு கைகளுக்கும் வேறு வேறு வேலை. ஒருபக்க வாதமுள்ள பிள்ளைக்கு அந்தப் பிடிக்கும் வேலையைப் பலவீனமான கைக்குக் கொடுக்கலாம்.

பல்லாங்குழியில் முத்துகளை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து குழியில் போடவேண்டும். உள்ளங்கையிலிருந்து விரலுக்குப் பொருளை நகர்த்தும் இத்திறனைச் சிகிச்சையாளர்கள் தனியே பெயரிட்டுப் பயிற்றுகிறார்கள். பாட்டிகள் பெயரிடவில்லை. ஐந்தாங்கல் விளையாட்டு சிங்கப்பூரில் துணிப்பைகளாக உருமாறி எல்லா இனப் பிள்ளைகளுக்கும் உரியதானது. கல்லைவிடத் துணிப்பையே நழுவாது என்பதால் நம் தேவைக்கு அது மேலும் பொருத்தம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும் எதையும் வாயில் போடும் பிள்ளைகளிடமும் சோழி, புளியங்கொட்டை, மணி முதலியவற்றைக் கொடுக்கவேண்டாம், தொண்டையில் சிக்கும்.

தமிழ் எழுதும் கை

விசயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம். கருவி எதுவுமின்றி, விரல் நேரடியாகத் தடத்தை உணரும் முறை அது. ஆண்டுக்கு ஒருநாள் என்று நிறுத்திவிடாமல் தட்டில் ரவையைப் பரப்பி நாள்தோறும் செய்யலாம்.

குழந்தைகள் பொதுவாக மூன்று வயதளவில் வட்டத்தையும், நான்கு வயதளவில் கூட்டல் குறியையும், அதன்பின் சதுரத்தையும், ஐந்தை ஒட்டி முக்கோணத்தையும் பார்த்து வரைகிறார்கள். செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் இவற்றுக்கெல்லாம் முன்பே வந்துவிடும். இவ்வரிசையைத் தமிழ் எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ட என்பது இரண்டே கோடுகள். ப அதன்மேல் இன்னொரு கோடு. ஆனால் அகரவரிசையில் முதலில் நிற்பவை அ, ஆ, இ. மூன்றிலும் சுழியும் வளைவும் திருப்பமும் உண்டு. சொல்லிக்கொடுக்கும் வரிசையும் எழுதவைக்கும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. அகர முதலாக ஒலிக்கட்டும்; கை ட, ப, ம என்று தொடங்கட்டும். ண, ஞ, ழ ஆகியவற்றுக்குக் கை பழகிய பின் போகலாம். 247 என்ற எண்ணைக் கேட்டு மலைக்கவும் வேண்டாம்; கால், கொம்பு, சுழி, கொக்கி என்ற சில அசைவுகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

பென்சில் பிடிப்பது பற்றி ஒரு சொல். மூன்று விரல் பிடியே சரி என்று விரலில் தட்டித் திருத்திய காலம் ஒன்றிருந்தது. நான்கு விரல் பிடியும், கட்டைவிரலைக் குறுக்கே வைக்கும் பிடியும் வேகத்திலும் தெளிவிலும் அதற்குக் குறைந்தவையல்ல என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. வலி இல்லை, எழுத்து படிக்கும்படி இருக்கிறது என்றால் விட்டுவிடலாம். வண்ணக்கோலை உடைத்துத் துண்டாகக் கொடுத்தால் விரல் நுனியால் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தாளைச் சுவரில் ஒட்டி எழுதச்சொன்னால் மணிக்கட்டு தானே நிமிரும்.

சில கைகளுக்குப் பேனா வசப்படாமலே போகும். அதனால் தமிழும் வசப்படாது என்று முடிவுகட்டுவது தவறு. தமிழை விசைப்பலகையில் கொண்டுவரும் பேச்சு நம் நகரில்தான் 1997இல் தமிழ்நெட் மாநாடாக நடந்தது. இன்று திறன்பேசியில் ஒரு விரலால் தட்டலாம், சொல்லியும் எழுதலாம். சிறப்புத் தேவையுடைய பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடம் சுமை என்று முதலில் அதைக் கைவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. சுமையாக இருப்பது மொழியா, எழுதும் வேலையா என்று பிரித்துப் பார்த்தபிறகு முடிவெடுக்கலாம். பாட்டியோடு பேசும் மொழி அல்லவா?

பள்ளிக்குப் பின்

சிங்கப்பூரில் இத்துறை தொண்டூழியத்தில் தொடங்கியது. இன்று செரிப்ரல் பால்சி அலையன்ஸ் சிங்கப்பூர் எனப்படும் சங்கம் 1957இலும், மைண்ட்ஸ் 1962இலும், எஸ்பிடி 1964இலும் தொடங்கப்பட்டவை. தொழில்வழிச் சிகிச்சை படிக்க முன்பு வெளிநாடு செல்லவேண்டியிருந்தது. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி 1992இல் அப்படிப்பைத் தொடங்கியது. கட்டாயக் கல்விச் சட்டம் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது 2019இல்தான். ஐயம் உள்ள பெற்றோர் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள். பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளுக்கு ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்கள் இருக்கின்றன.

பதினெட்டு வயதில் பள்ளி முடிந்தபின் என்ன என்பது பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி. பள்ளியிலிருந்து வேலைக்குச் செல்ல உதவும் திட்டம் ஒன்று 2014இல் தொடங்கப்பட்டது. வெளிவேலைக்குச் செல்ல இயலாதோருக்குப் பணிமனைகள் உள்ளன. நிறுவனங்களிடமிருந்து வரும் பொட்டலம் கட்டும் வேலை அங்கே நடக்கிறது. வேகம் போதாது என்று துவாஸ் ஆலையின் பொருத்துவரிசை ஒதுக்கக்கூடிய கை, அங்கே வேறொரு வழியில் அதே வேலையைச் செய்கிறது. பத்துத் திருகாணிகளை எண்ணிப் பையில் போடவேண்டும், எண்ணத் தெரியாது. பத்துக் குழிகள் வெட்டிய ஒரு பலகையைக் கொடுத்தால் குழிக்கு ஒன்றாக நிரப்பி, நிறைந்ததும் பைக்குள் கவிழ்த்துவிடலாம். ஒரு கை மட்டுமே இயங்குவோருக்குப் பையைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும் தாங்கியைப் பலகையோடு பொருத்துகிறார்கள். கை மாறவில்லை, பலகை மாறியது. நம் வளாகத்தில் பொறியியல் பயிலும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும்போது, இத்தகைய பணிமனை ஒன்றுக்கு ஒருநாள் போய், அங்கே வேலை செய்வோரிடம் எந்தப் பலகை இன்னும் சரியில்லை என்று கேட்டுப் பார்க்கலாம்.